ஐஸில் வைக்கக் கூடாத சரக்கு

பிப்ரவரி 9

ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. கெண்டை மலிந்து கிடக்கிறது. பாக்சே நகரத்து ஓட்டல்களுக்கு நான்கு பெட்டி ஏற்றினேன். ஐஸ்காரன் வழியிலேயே பாதியை உருகவிட்டுக் கொண்டுவந்து முழு விலை கேட்டான். “உருகின தண்ணிய நீயே குடி, கட்டிக்கு மட்டும் காசு வாங்கிக்கோ” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே குறைத்தான்.

வியாபாரத்துக்குக் குறைவில்லை. உடம்புதான். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கொக்கியை இரண்டாவது தடவையாகத் தள்ளித் தைத்தேன். கம்சாய்க்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சட்டை பெரிதானது. அப்புறம் கண் மஞ்சளானது. அப்புறம் என் புருஷன் இல்லை. பித்தக் குழாயில் புற்று என்றார்கள். பச்சை மீனைக் கொத்திப் பிசைந்து தின்னும் ஊர் எங்கள் கோங் தீவு. யாராவது ஒருவர் அப்படிப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

என் கண் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. எழுந்ததும் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13

அரிப்பு. இடுப்புக்குக் கீழே, பின்பக்கம். தடவினால் கயிறு மாதிரி ஒரு தடிப்பு. மத்தியானம் இடது பக்கம் இருந்தது, சாயங்காலம் நடுவுக்கு வந்துவிட்டது போலத் தோன்றியது. தடிப்பு எங்கேயாவது நடக்குமா?

ஒரு கண்ணாடியை அலமாரியில் சாய்த்து, இன்னொன்றைக் கையில் பிடித்துப் பார்த்தேன். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. அதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும்.

பிப்ரவரி 17

தீவின் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். அரிப்பைக் காட்டலாம் என்றால் இன்று அது இல்லை. டாக்டர் இளவயது, பொறுமைசாலி. “வரும்போது வாங்கம்மா” என்றார். அது என்ன விருந்தாளியா, சொல்லிவிட்டு வர?

மலம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். நான் எதையும் கண் முன்னால் எடைபோட்டு வாங்கிப் பழகியவள், அதனால் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன். சல்லடைத் துணியில் வைத்துத் தேய்த்து, சக்கை போக மீதியை ஓட்டை போட்ட ஒரு வில்லைக்குள் அடைத்து, வழித்து, கண்ணாடித் துண்டில் அந்த அளவு மட்டும் வைத்தாள் அங்கே வேலை செய்யும் பெண். மேலே பச்சைச் சாயத்தில் ஊறிய கண்ணாடித்தாள். அதைக் கட்டை விரலால் அமுக்கிப் பரப்பிவிட்டு, “கொஞ்சம் தெளியட்டும் அக்கா, முட்டை இருந்தா எண்ணிச் சொல்றேன்” என்றாள்.

இருந்தது. ஆற்று மீன் புழுவின் முட்டை. இந்தத் தீவில் யாருக்குத்தான் இல்லை? அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

“வயித்துல ஸ்கேன் ஒண்ணு பாத்துடலாமா?” என்று கேட்டார் டாக்டர்.

“வேண்டாம்” என்றேன்.

கம்சாயை அந்த மேசையில் படுக்கவைத்துப் பிசுபிசுவென்று எதையோ தடவியபோது பக்கத்தில் நின்றவள் நான். திரையைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

பிப்ரவரி 18

மாத்திரை தின்றேன். தலை சுற்றல், வாந்தி. நானே கழுவினேன்.

மார்ச் 6

மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை. அரிப்பு வந்து வந்து போகிறது. இருமல் புதிதாகச் சேர்ந்துகொண்டது. உடம்பு இளைப்பது நிற்கவில்லை.

மறுபடி டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கிறதாம். அது புழுவைக் கண்டு கூடுகிற அணுவாம்.

“மீன் புழுவுக்குத்தான் மருந்து சாப்பிட்டாச்சே?”

“அது இல்லம்மா. இன்னொண்ணு இருக்கு. அது முட்டைய வெளிய அனுப்பாது. உள்ளயே பொரிச்சு, குஞ்சாத்தான் அனுப்பும். அதுவும் இன்னிக்கு வரும், நாளைக்கு வராது. இங்க நாங்க பாக்கற மாதிரி பாத்தா அது மாட்டாது. பாக்சேல ஒரு லேப்ல கடற்பாசிக் களியில வெச்சுப் பாக்கறாங்க. காலையில எடுத்து அன்னிக்கே கொண்டு போய்க் குடுங்க.”

கேட்கும்போது ஒரு சந்தோஷம் வந்தது. புழு என்று ஒருவர் சொல்லிக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புழுவாக இருந்தால் புற்று இல்லை.

மார்ச் 10

பாக்சே போய்வந்தேன். விடியலில் டப்பாவில் எடுத்து, மூடி, பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு, சின்ன மீன் பெட்டியில் வைத்து, சுற்றிலும் மேலேயும் பொடி ஐஸ் அடித்தேன். படகு, அப்புறம் வேன், மார்ச் மாத வெயில். வழியெல்லாம் பெட்டி என் மடியில். பக்கத்தில் இருந்த ஆள் “என்ன மீன்?” என்று கேட்டான். “நல்ல சரக்கு, ஆனா உனக்கு விக்க மாட்டேன்” என்றேன்.

லேப் வாசலிலேயே டப்பாவை ஐஸிலிருந்து எடுத்து, தண்ணீர் சொட்டாமல் பாவாடை ஓரத்தால் துடைத்து, அப்புறம்தான் நீட்டினேன். சரக்கைக் கொடுப்பதில் ஒரு மரியாதை உண்டு.

வாங்கியவள் பெயர் சுலிட்டா. முப்பது வயது இருக்கும். கையுறையோடு பேசிக்கொண்டே வேலை செய்கிற ரகம். நான் நகராமல் நின்றதைப் பார்த்து, “பாக்கணுமா அத்தை? பாருங்க, ஆனா மூக்கப் பொத்திக்கக் கூடாது, உங்களோடதுதான்” என்றாள். மூன்று விதமாகப் பார்ப்பார்களாம். ஒரு பங்கை மருந்தில் கரைத்து, குழாயில் ஊற்றி, மிஷினில் சுழற்றி, அடியில் படிகிற மண்டியைப் பார்ப்பது ஒன்று. இன்னொரு பங்கை வலைத்துணியில் வைத்துப் புனலில் வெதுவெதுப்பான தண்ணீரில் படும்படி விடுவது ஒன்று. சூடு தேடிப் புழு இறங்கி வரும், கீழே ரப்பர் குழாயைத் திறந்து பிடித்துவிடலாம். மூன்றாவதுதான் களி. வட்டத் தட்டில் உறைந்த கடற்பாசி. எங்கள் சந்தையில் தேங்காய்ப்பால் ஊற்றி விற்பார்களே, அதேதான், இனிப்பு மட்டும் இல்லை. நடுவில் ஒரு உருண்டை வைத்து, மூடி, ஓரத்தை டேப் ஒட்டி எடுத்துவைத்தாள். “உசுரோட இருந்தா ஊர்ந்து கெளம்பும்” என்றாள்.

திரும்பி வரும்போது வேனில் எனக்குப் பக்கத்து இருக்கை காலி. வெறும் பெட்டியை அதில் வைத்தேன்.

மார்ச் 14

சுலிட்டா போன் செய்தாள். மண்டியில் மீன் புழு முட்டை ஒன்றிரண்டு. புனலில் ஒன்றும் இறங்கவில்லை. களியில் ஒன்றும் ஊரவில்லை.

“ஒரு தடவ பாத்துட்டு இல்லன்னு சொல்ல முடியாது அத்தை. இன்னும் ரெண்டு தடவயாவது கொண்டு வாங்க.”

“சரி” என்றேன். போக மாட்டேன். மூன்று வலை வீசியும் மீன் இல்லை என்றால் அங்கே மீன் இல்லை. அப்புறம் உடம்பு இளைப்பது எதனால்? எனக்குத் தெரியும் எதனால்.

மார்ச் 15

என் மகளுக்குப் போன் செய்தேன். அவள் தாய்லாந்தில், ரயோங் பக்கம், மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இருக்கிறாள். நான் மீனை முழுசாக விற்கிறேன், அவள் துண்டாக அடைக்கிறாள். சந்தித்துக்கொள்வது மட்டும் இல்லை.

“இங்க வந்துடேம்மா.”

“எங்க படுக்கறது?”

“ரூம்ல நாலு பேரு இருக்கோம். ஒருத்தி நைட் ஷிப்ட்டு... அவ போனப்புறம் அவ எடத்துல படுத்துக்கலாம்.”

நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாது. உடம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 19

இன்று கடையை மாலிவனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

படகுத்துறைப் படிக்கட்டு ஏறியதும் முதல் கடை என்னுடையது. ஏறி வருகிறவன் கண்ணில் முதலில் படுவது என் மீன். அந்த மூலைக்காக நான் எத்தனை வருடம் மழையில் தலையில் தட்டு வைத்துக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். எதிர்க் கடை மாலிவனுக்கு அதன்மேல் ஒரு கண். என் வாடிக்கைக்காரரைப் பாதிப் படியிலேயே கூப்பிட்டு மடக்குகிறவள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் மீனின் செவுளை யார் பார்த்தாலும், பழசு என்று ஜாடையாக இருமுவேன்.

“அக்கா, விளையாட்டுக்குச் சொல்றியா, நெசமாவா?”

“நெசமாத்தான். புது வருஷம் முடிஞ்சதும் எடுத்துக்கோ.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“வேண்டாம்னா ஐஸ்காரன் தங்கச்சி கேட்டா...”

“வேணும்! வேணும்! வேண்டாம்னு யாரு சொன்னா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே விட்டுவிட்டு என் மணிக்கட்டையே பார்த்தாள். “என்னக்கா, முள்ளுதான் இருக்கு, சதையக் காணோம்!”

வயதாகிவிட்டது என்றேன். அவளுக்கு அவசரம், புருஷனிடம் சொல்ல ஓடினாள். அவர்கள் வீடு சந்தைக்குப் பின்னால்தான். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீடு. சாயங்காலம் வரை சிரிப்புக் கேட்டது. என் கடையைப் பற்றித்தான்.

மார்ச் 27

முழங்கால் வலிக்கும் இருமலுக்கும் சந்தையில் பொட்டல மாத்திரை விற்கிறாளே, அவளிடம் வாங்கித் தின்கிறேன். சின்னப் பையில் ஐந்து நிறத்தில் ஐந்து மாத்திரை, பெயர் கிடையாது. மாலிவனும் இதைத்தான் தின்கிறாள், படகுக்காரர்கள் பாதிப் பேர் இதைத்தான் தின்கிறார்கள்.

அற்புதம்! இன்று பெட்டியை நானே தூக்கினேன். பசிக்கிறது. ஒட்டும் அரிசிச் சோறு ஒரு கூடை முழுக்கத் தின்றேன், மிளகாய்த் துவையலோடு. கடையைக் கொடுக்கிறேன் என்று அவசரப்பட்டுவிட்டேனோ?

ஏப்ரல் 5

இல்லை. அவசரப்படவில்லை.

ஏப்ரல் 14

புது வருடம். ஒருவரையொருவர் நனைத்துத் தெருவெல்லாம் தண்ணீர். பிள்ளைகள் வாளியோடு ஓடுகிறார்கள். கோயிலுக்குப் போய்ப் புத்தர் சிலைக்குப் பூத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உடுத்திக்கொண்டு மாடிப்படி பாதி இறங்கினேன், மூச்சு வாங்கியது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே போன கூட்டம் என்னைப் பார்த்தது. உட்கார்ந்திருக்கிற பொம்பளை மேல் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? கையைக் கூப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

நனையாமல் ஒரு புது வருடம் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 18

காய்ச்சல். நெஞ்சில் விசில் சத்தம். கடைக்குப் போகவில்லை.

மத்தியானம் மாலிவன் வந்தாள். நலம் விசாரிக்கவாம். கையில் அளவு நாடா. என் கடைப் பலகையின் நீள அகலத்தை அளந்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. “என்னையும் அளந்துக்கோ, பெட்டி அடிக்க வசதியா இருக்கும்” என்றேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது.

அப்போது பார்த்து அரிப்பு வந்தது. பொறுக்க முடியவில்லை. வெட்கம் பார்க்கிற உடம்பா இது? திரும்பிப் படுத்து, “மாலிவன், பின்னால என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு” என்றேன்.

“செவப்பா ஒரு கோடு அக்கா. வளைஞ்சு வளைஞ்சு போவுது. மண்புழு சேத்துல போன மாதிரி.”

“அது நகருதா?”

“கோடு எப்பிடி நகரும்?”

“நகருதுன்னு நெனைக்கிறேன்.”

மீன்காரிக்கு மீன்காரிதான் சரி. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, கோட்டின் இரண்டு முனையிலும் என் தோலில் புள்ளி வைத்தாள். கஞ்சி வைக்கிறேன் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். கஞ்சி கொதித்து இறங்கியதும் வந்து பார்த்தாள். ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள்—

“அய்யோ அக்கா! புள்ளியத் தாண்டிப் போயிடுச்சு! ரெண்டு வெரல்! உனக்குள்ள எதுவோ நடக்குது!”

கையால் தொட மாட்டேன் என்றாள். ஆனால் போனில் படம் எடுத்தாள், பேனாப் புள்ளியோடு. என் போனில் இருந்த சுலிட்டா எண்ணுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கஞ்சி குடித்து முடிக்கும் வரைக்கும். அளவு நாடாவை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 19

காலையிலேயே சுலிட்டா.

“அத்தை, படம் பாத்தேன். இப்பிடி ஓடற கோட்ட வேற எந்தப் புழுவும் போடாது. அப்போ என் தட்டுல ஏன் ஒண்ணுகூட ஊரல? அன்னிக்கு எப்பிடிக் கொண்டு வந்தீங்க?”

நான் பெருமையாகச் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு கவனமாகக் கொண்டுபோயிருந்தேன். “பொடி ஐஸ், சுத்திலும் நாலு வெரல் கனத்துக்கு. வழியில ஒரு தடவ தண்ணிய வடிச்சுட்டு மறுபடி நெரப்பினேன். துளி கெடல.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அப்புறம் பாதி அழுகிற மாதிரி ஒரு குரல்.

“அத்தை! அது மீனா, கெட்டுப் போறதுக்கு? அது உசுரோட வரணும்! குளுர்ல ஒண்ணுவிடாம செத்துப் போயிருக்கும். செத்தது எப்பிடி ஊரும்?”

“நீ கேக்கலயே.”

“துளி ஈரமில்லாமக் குடுத்தீங்களே, எப்பிடிக் கேப்பேன்!”

இத்தனை வருடத் தொழிலில் ஐஸில் வைக்கக் கூடாத சரக்கு ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வேறு என்ன மருந்து தின்கிறேன் என்று கேட்டாள். பொட்டலத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “அதுல ஒண்ணு வீக்கத்த அடக்குற மாத்திரை. ஒடம்பு புழுவோட போடற சண்டையையும் சேத்து அடக்கிடும். புழு எக்கச்சக்கமாப் பெருகி நெஞ்சு வரைக்கும் போயிடும். அத்தை, நாளைக்கே வாங்க. அந்தப் பொட்டலத்தக் கையோட எடுத்துட்டு வாங்க. டாக்டர் பாத்து என்ன செய்யணும்னு சொல்வாரு. டப்பாவும் கொண்டு வாங்க. வெயில் படாம, ஐஸ் படாம, சும்மா!”

ஏப்ரல் 20

பாக்சே ஆஸ்பத்திரி. டப்பாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். நர்ஸ் கேட்டாள்: “கூட யாரு வந்திருக்காங்க?”

“யாருமில்ல.”

“வெளிய நிக்கறாங்களா?”

“வெளியவும் இல்ல.”

இங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே ஒரு பாய், பாயில் ஒரு குடும்பம். சோற்றுக் கூடை, கருவாடு, சீட்டு விளையாட்டு. என் கட்டிலுக்குக் கீழே என் செருப்பு.

ஏப்ரல் 22

சுலிட்டா மேலே வந்து என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “நீங்களே பாக்கணும், நீங்க எடை போட்டுப் பாக்காம எதையும் நம்ப மாட்டீங்க.”

அதே தட்டு, அதே களி. நடுவில் உருண்டை. ஆனால் அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள். மெல்லிய புள்ளி புள்ளியாக, வளைந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, தட்டின் ஓரம் வரைக்கும். புழுக்குஞ்சு ஊர்ந்து போகும்போது கூடவே கிருமியை இழுத்துக்கொண்டு போகுமாம். போன வழியெல்லாம் அந்தக் கிருமி முளைத்துக் கோடாகத் தெரிகிறதாம். மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். கண்ணாடி இழை மாதிரி ஒன்று, துள்ளியது. இன்னொன்று. இன்னொன்று.

“எத்தன நாளா இருக்கு இது?”

“நாளா? சின்ன வயசுல வெறுங்கால்ல ஈர மண்ணுல நடந்தப்ப ஏறியிருக்கலாம் அத்தை. மத்த புழு வயசாகிச் செத்துடும். இது உள்ளயே குட்டி போட்டு, அந்தக் குட்டி உள்ளயே மறுபடி ஏறிக்கும். நாமளா வெரட்டற வரைக்கும் போகாது.”

அப்படியென்றால் கம்சாய்க்கு முந்தியே வந்திருக்கிறது. மகள் பிறப்பதற்கு முந்தி. அவர் போனார், அவள் போனாள், இது மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை: அவள் அந்தத் தட்டை மூடப் போனபோது, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன் என்று கையைப் பிடித்தேன்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 26

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஸ்கேன் பார்க்க ஒத்துக்கொண்டேன். பிசுபிசுவென்று தடவினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, டாக்டர் முகத்தையே பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டார். “ஈரல், பித்தக் குழாய் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மீனை வேகவெச்சுத் தின்னுங்க, வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க.”

கொட்டாவி! அந்த மனிதருக்கு ஒரு பெட்டி கெளுத்தி அனுப்ப வேண்டும்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சொல்லிக்கொள்ள ஆள் வேண்டுமே என்று மகளுக்குப் போன் செய்தேன். ஷிப்ட்டில் இருந்தாள், எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் பெண்டாட்டியிடம் சொன்னேன். “நல்லதாப் போச்சு அக்கா” என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தாள்.

மே 4

தீவுக்கு வந்துவிட்டேன். முதல் வேலையாக மாலிவனிடம் போய்ச் சொன்னேன்: நான் சாகவில்லை, கடையைக் கொடுக்கவில்லை.

அவள் அதற்குள் புதுப் பெட்டி இரண்டு செய்துவைத்திருந்தாள், என் பலகை அளவுக்கு.

“சாகப் போறேன்னு சொல்லிட்டு இப்ப சாகலன்னா என்னக்கா அர்த்தம்?” சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “நான் ஊருக்கே சொல்லிட்டேன்! என் மாமியாருக்குச் சொல்லிட்டேன்! இப்ப அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?”

“நான் வேணும்னா மறுபடி படுத்துக்கவா?”

“படுத்துக்கோ! உன் பின்பக்கத்தப் பாத்தவ நான்! படம் எடுத்தவ நான்!”

நியாயம்தான். அவள் பேனா இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் கடை கடைதான். கொடுக்க முடியாது என்றேன். எதிரே போய் உட்கார்ந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

மே 9

பேசவில்லை. பாதிப் படியில் என் ஆட்களை மடக்குவது மட்டும் நிற்கவில்லை.

மே 12

மாலிவன் இருமுகிறாள். முன்பும் இருமினாள்தான், இந்தச் சத்தம் வேறு. விசில். எனக்குத் தெரிந்த சத்தம். மத்தியானம் கைப்பையிலிருந்து பொட்டலம் எடுத்துத் தின்றாள். தின்றுவிட்டு, கை பின்னால் போய் இடுப்பைச் சொறிந்தது.

அதே படித்துறை ஈர மண்ணில்தான் இரண்டு பேரும் பெட்டி இறக்குகிறோம், வெறுங்காலோடு. கழிவறைத் தண்ணீர் மழைக்கு வழிவதும் அங்கேதான்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அவள் படுத்துவிட்டால் இந்தத் துறையில் மீன் விற்க நான் ஒருத்திதான். அந்தக் கணக்கும் மனதில் ஓடியது. ஓடாமல் இருக்க நான் பிக்குணி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், லாபம்தான் வந்தது. அப்புறம் எதிர்க் கடை காலியாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன். நாள் முழுக்க யாரைத் திட்டுவது? யார் என்னைத் திட்டுவார்கள்?

மே 15

போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“ஆகா! நான் பாக்சேக்குப் போயிடணும், நீ இங்க ஒத்தையா விக்கணும். என்ன மூளைக்கா உனக்கு!”

“அந்தப் பொட்டலம் ஒன்னக் கொல்லும்டி.”

“நீ தின்னப்ப நல்லாத்தான இருந்த?”

“அப்புறம் எப்பிடி இருந்தேன்னு நீதான பாத்த!”

கத்தியைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். பயந்திருக்கிறாள்.

“நாலு நாளு கட மூடினா என் ஆளுங்கல்லாம் உன் பக்கம் சாஞ்சிடுவாங்க. புருஷனுக்கு மீன வாங்கத் தெரியும், விக்கத் தெரியாது.”

“மூட வேண்டாம். உன் மீன நான் விக்கறேன்.”

“எங்க? என் கடையிலயா?”

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. “என் கடையில. படிக்கட்டுப் பக்கம் உன் பெட்டி, உள்பக்கம் என் பெட்டி. உன் புதுப் பெட்டி அளவாத்தான இருக்கு?”

என்னை உற்றுப் பார்த்தாள். எதில் ஏமாற்றுகிறேன் என்று தேடுகிற பார்வை. நான் அவளாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

“டப்பாவ ஐஸ்ல வைக்காத” என்றேன்.

“எனக்கென்ன கிறுக்கா?” என்றாள். ஆனால் அவள் கண் ஐஸ் பெட்டிப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

மே 19

முதல் படகில் மாலிவன் கிளம்பினாள், புருஷனோடும் கடைக்குட்டியோடும். மடியில் துண்டில் சுற்றிய டப்பா. படகுக்காரன் “என்ன அது?” என்று கேட்டான். “ஒனக்கு விக்க மாட்டேன்” என்று அவள் சொன்னது கரை வரைக்கும் கேட்டது.

மத்தியானம் போன். சுலிட்டா தட்டில் வைத்துவிட்டாளாம், ரெண்டு நாளில் தெரியுமாம், பொட்டலத்தை டாக்டர் வாங்கிவைத்துக்கொண்டாராம். அதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “என் கெளுத்தி என்னாச்சு?” என்றாள்.

“வித்துட்டிருக்கு.”

“வெல எறக்கலயே?”

“எறக்கல.”

“செவுளப் பாத்தாங்கன்னா இருமாத.”

போனை வைத்த பிறகும் அவளுடைய ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். என் ஆட்களும் வந்தார்கள், படி ஏறியதும் கண்ணில் பட்ட பெட்டியிலேயே கை வைத்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை, எடை போட்டுக் கொடுத்தேன்.

அவளுடைய கெளுத்தி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது. என் கெண்டை பாதிப் பெட்டி மிச்சம். உப்புப் போட்டு வைத்துவிட்டேன்.